மூடி திறக்காத விதை

"யாரும் காலைத் தூக்காதீங்க," என்றார் பேராசிரியை. "வச்ச கால் வச்ச இடத்துலயே இருக்கட்டும்."

ஆய்வகப் படக்காரர் ஒரு கால் அறைக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக நின்றுவிட்டார். ரேடியோ என்று எல்லோரும் கூப்பிடும் பையன் துடைப்பத்தை மார்போடு அணைத்தபடி கழுவுதொட்டி ஓரமாக நின்றான். ஆய்வக உதவியாளரான அவள் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். கையில் மெல்லிய தூரிகை. முன்னால் நுண்ணோக்கி. நுண்ணோக்கிக்குக் கீழே கண்ணாடித் தட்டு. தட்டில் தண்ணீர் இருந்தது. தண்ணீரில் ஒன்றும் இல்லை.

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"பத்தரை இருக்கும் மேடம். தட்டுலேர்ந்து தூரிகையில எடுத்துட்டேன். இந்த டப்பியில வைக்கணும். அதுக்குள்ள கதவு திறந்துச்சு. திரும்பினேன். மறுபடி பார்த்தா தூரிகையில இல்லை."

"இப்ப மணி பதினொண்ணே கால்."

"நானே தேடிப் பார்த்துட்டுச் சொல்லலாம்னு..."

"முக்கால் மணி நேரம் தேடினீங்களா?"

அவள் தூரிகையைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"கதவைத் திறந்தது யாரு?"

சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் ரேடியோவைப் பார்த்தார்கள். அந்தக் கட்டடத்தைப் பெருக்கித் துடைப்பவன் அவன். ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள். எப்போதும் எதையாவது முனகிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பதால் அந்தப் பெயர்.

"தட்டு திறந்திருக்கும்போது பெருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கோமா இல்லையா?"

"சொல்லியிருக்கீங்க மேடம். தெரியாம வந்துட்டேன். அக்கா போடான்னாங்க, போயிட்டேன். மூணு இழுப்புதான் இழுத்தேன்."

"இழுத்த குப்பை எங்க?"

ரேடியோ ஜன்னலைப் பார்த்தான். பதினோரு மணிக்குக் குப்பை லாரி வரும். வந்து போயிருந்தது.

காணாமல் போனது ஒரு விதை. மூன்று மில்லிமீட்டர் நீளம். கறுப்பு. செங்கல்லுக்கு மண் எடுக்கும் ஒரு குழியின் அடிக் களிமண்ணிலிருந்து வந்தது. ஒன்றரைக் கோடி வருடங்களுக்கு முன் அங்கே ஒரு குளம் இருந்தது. குளத்தில் ஒருவகை அல்லி. அந்த அல்லி இன்று உலகத்தில் எங்கேயும் இல்லை. விதைகள் மட்டும் கரியாகிக் களிமண்ணில் கிடந்தன. ஆறு வருடங்களில் இருநூற்றுப் பதினோரு விதைகள் கிடைத்திருந்தன. எல்லாம் ஒரு முனையில் ஓட்டை விழுந்தவை. அல்லி விதையின் அந்த முனையில் ஒரு சிறிய மூடி இருக்கும். முளை அதைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும். எந்த இனம் என்பதை அந்த மூடியை வைத்துத்தான் சொல்ல முடியும். மூடி இல்லாத விதைகள் இருநூறு இருந்தாலும் இரண்டாயிரம் இருந்தாலும், புதிய இனம் என்று எழுதினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது விதையில் மூடி இருந்தது. முளைக்காமலே போன விதை. நான்கு மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை அவள்தான் அதைக் கண்டுபிடித்தாள். பத்து நிமிடம் யாரிடமும் சொல்லவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் பேராசிரியையைக் கூப்பிட்டாள். கட்டுரை எழுதியாகிவிட்டது. ஆய்வுப் பத்திரிகைக்காரர்கள் ஒப்புக்கொண்டும்விட்டார்கள். மூடியின் படம் ஒன்றுதான் பாக்கி. கீழ்த்தளத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வைத்திருக்கும் படக்காரர் அதை வாங்கிப் போகத்தான் மேலே வந்திருந்தார்.

டார்ச் விளக்குகளை எரியவிட்டுத் தரையில் படுக்கவைத்தார்கள். வெளிச்சம் தரையோடு தரையாகப் போனால் ஒவ்வொரு மணல் துகளுக்கும் நிழல் நீளும். பேராசிரியை முழங்காலிட்டு நிழல்களைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். ஐம்பத்தெட்டு வயது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு எழுந்தார், மறுபடி குனிந்தார். படக்காரர் மேசைக் கால்களைத் தடவினார். அவளை எழுப்பிவிட்டு நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றினார்கள். அவளுடைய வெள்ளை அங்கியை உதறாமல் கழற்றி, மடித்து, ஒரு பெரிய தட்டில் வைத்தார்கள். செருப்பின் அடியைப் பார்த்தார்கள்.

"பாக்கெட்ல?"

"பாருங்க மேடம்."

ஒரு பேருந்துச் சீட்டும் ஒரு ஊக்கும் இருந்தன.

தரையின் தூசியை ஈரத் தூரிகையால் கட்டம் கட்டமாக ஒற்றி எடுத்து, பதினான்கு தட்டுகளில் தண்ணீர் ஊற்றி அவள் முன்னால் வைத்தார்கள். பார்க்க வேண்டியது அவள்தான். அந்தக் கட்டடத்தில் அவளைவிடக் கூர்மையான கண் யாருக்கும் இல்லை.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் அந்த வேலைக்கு அவளை எடுத்தது அந்தக் கண்ணுக்காகத்தான். அதற்கு முன் பதினோரு வருடம் தையல் ஆலையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஆலை மூடிய மாதம் ஆய்வகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். ஒரு தட்டில் கறுப்பு மணலைக் கொட்டி, இதில் முப்பது விதைகள் இருக்கின்றன, எடு என்றார்கள். முப்பத்தொன்று எடுத்து வைத்தாள். எண்ணத் தெரியவில்லையா என்று அப்போது நாற்பதுகூட ஆகாத பேராசிரியை கேட்டார். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தார். முப்பத்தொன்றாவது அவர்களே பார்க்காமல் விட்டிருந்த ஒன்று. மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்கள். களிமண்ணை ஊறவைத்து, சல்லடையில் அலசி, மிஞ்சும் கறுப்புக் குருணையை நுண்ணோக்கியின் கீழ் பரப்பி, விதையைப் பொறுக்கி எடுப்பது வேலை. யாராவது கேட்டால், "எம் பொண்டாட்டி ஒரு பொறுக்கி" என்று புருஷன் சொல்லிச் சிரிப்பான். லிப்ட் பழுது பார்ப்பவன். ஆறு மாதங்களுக்கு முன் ஒரு லிப்ட் குழியில் விழுந்து இடது காலை மூன்று இடத்தில் முறித்துக்கொண்டான். அதிலிருந்து வீட்டுக்கு அவள் சம்பளம் மட்டும்தான்.

தையல் ஆலையிலிருந்து அவள் ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்திருந்தாள். ஊசியில் கோக்கும் முன் நூலை உதட்டில் வைத்து நனைப்பது. இங்கே நூலுக்குப் பதில் தூரிகை. தண்ணீரில் தொட்டால் துளி பெரிதாகிவிடும், விதை துளிக்குள் ஓடிவிடும். உதட்டு ஈரம்தான் சரியான ஈரம். முனை ஊசிபோல் நிற்கும். ஆனால் களிமண்ணைக் கரைக்கும் அமிலங்கள் அதே மேசையில்தான் இருந்தன. தூரிகையை வாயில் வைக்கக் கூடாது என்று மேசைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். அவளுக்காக ஒட்டியது. இரண்டு முறை எழுத்து மூலம் எச்சரித்தும் இருந்தார்கள். மூன்றாவது கடிதம் வந்தால் அடுத்த வருடம் வேலை இல்லை என்று இரண்டாவது கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது.

முதல் தட்டில் முடி, நூல், ஒரு எறும்பின் கால். இரண்டாவதில் சர்க்கரை, பெயின்ட் சில்லு. மூன்றாவதில் ஒன்றும் இல்லை.

வெளியே நடைவழியில் ரேடியோவை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்திருந்தார்கள். ஒப்பந்தக்காரர் நான்கு மணிக்கு வந்து கூட்டிப்போவார், அதுவரை கட்டடத்தில் எதையும் தொடக் கூடாது. கதவு திறந்தே இருந்தது.

"அக்கா."

"ம்."

"அது என்ன, தங்கமா?"

"விதைடா. அல்லி விதை."

"அல்லி விதைக்கா இவ்வளவு? எங்க பக்கத்துக் குளத்துல அள்ளலாம்க்கா. ஒரு மூட்டை கொண்டு வந்து போடவா?"

"இது இப்ப இல்லாத அல்லி."

ரேடியோ ஸ்டூலில் நகர்ந்து உட்கார்ந்தான்.

"இல்லாத அல்லிக்காக இருக்கிற வேலை போகுதே."

அவள் நான்காவது தட்டை நகர்த்தினாள்.

"போகாது. பேசாம இரு."

"போவும்க்கா. ஒப்பந்தக்காரரை உங்களுக்குத் தெரியாது. ஒரு புகார் வந்தா மூஞ்சியே பார்க்க மாட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மேடம் கேப்பாங்க. மூணு இழுப்புதானே இழுத்தேன். உங்க காலடிக்குக்கூட வரலை. வந்தேனா?"

வரவில்லை. அவள் கண்ணைத் தட்டிலிருந்து எடுக்காமலே அதை நினைத்துப் பார்த்தாள். கதவு திறந்தது. அவன் துடைப்பத்தோடு உள்ளே வந்தான். அவள் வலது கை தூரிகையோடு தட்டுக்கு மேலே இருந்தது. தூரிகை முனையில் விதை இருந்தது. திரும்பி, போடா வெளியே என்றாள். அவன் கதவருகே மூன்று இழுப்பு இழுத்தான், போனான். அவள் மறுபடி மேசைக்குத் திரும்பினாள். இடையில் வலது கை எங்கே இருந்தது?

ஐந்தாவது தட்டு. ஆறாவது. மதியம் யாரும் சாப்பிடப் போகவில்லை. பேராசிரியை தன் அறையில் தொலைபேசியில் குப்பை லாரி அலுவலகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். படக்காரர் காபி வாங்கிவந்து அவள் பக்கத்தில் வைத்தார். "குடிங்கம்மா, கண்ணு சோர்ந்துடும்," என்றார். அவள் குடிக்கவில்லை. வாய் காய்ந்திருந்தது. நாக்கால் பல்லைத் தடவினாள்.

இடதுபக்கக் கடைவாய்ப்பல்லில் நறநறவென்று ஒன்று பட்டது.

அவள் அப்படியே இருந்தாள். ஒன்பதாவது தட்டு முன்னால் இருந்தது. நுண்ணோக்கியின் இரண்டு வட்டங்களில் ஒரு சிலந்தியின் உடைந்த கால் தெளிவாகத் தெரிந்தது. காலையில் என்ன சாப்பிட்டோம் என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் சாப்பிடவில்லை. பேருந்துக்கு நேரமாகியிருந்தது.

கதவுப் பக்கம் பார்த்தாள். ரேடியோ சுவரில் தலை சாய்த்துக் கண் மூடியிருந்தான். முனகவில்லை. விரலை வாய்க்குள் விட்டு நகத்தால் அதை எடுத்தாள். கடுகில் கால்வாசி. கறுப்பு. சேலையில் துடைத்துவிடலாம். துடைத்தால் அவ்வளவுதான். பதினான்கு தட்டுகளையும் பார்த்துவிட்டு, இல்லை மேடம் என்றால் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். விதை லாரியில் போயிருக்கும். லாரியின் குப்பை எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

அவள் ஒரு புதிய தட்டை எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, நகத்தை அதில் தட்டினாள். நுண்ணோக்கிக்குக் கீழே நகர்த்தினாள்.

பார்க்காமலே தெரியும். ஆனாலும் பார்த்தாள். வரிசை வரிசையாகச் செல்கள், ஓரமெல்லாம் வளைந்து வளைந்து, ஒன்றின் விரல்களுக்குள் இன்னொன்றின் விரல்கள் கோத்துக்கொண்டது போல. இந்த உலகத்தில் அந்த ஓரத்தை அதிக நேரம் பார்த்தவள் அவள்தான். விதையின் ஓடு. பக்கவாட்டுத் துண்டு. மூடியின் துண்டு அல்ல.

விதையைத் தூரிகையோடு சேர்த்து உதட்டில் வைத்திருக்கிறாள். நாக்கு இழுத்துக்கொண்டது. பல் கடித்தது. அவளுக்கு அது ஞாபகமே இல்லை. அப்படி ஞாபகமில்லாமல் ஒருநாளைக்கு இருநூறு தடவை செய்கிற காரியம் அது.

தட்டை மூடி வைத்துவிட்டுப் பத்தாவது தட்டை எடுத்தாள். பதினொன்று. பன்னிரண்டு. எதையும் பார்க்கவில்லை, நகர்த்தினாள். பதின்மூன்று. புருஷனின் கால் ஞாபகம் வந்தது. அடுத்த மாதம் கம்பி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரேடியோவுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கும். பெருக்குகிற வேலைதானே, எங்கே இல்லை? பொறுக்குகிற வேலை இங்கே மட்டும்தான்.

மூன்றே முக்காலுக்கே ஒப்பந்தக்காரர் வந்துவிட்டார். தடித்த மனிதர், கையில் ஒரு கோப்பு. ரேடியோ எழுந்து நின்றான்.

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

"ஒண்ணும் பண்ணலை சார்."

"ஒண்ணும் பண்ணாமத்தான் என்னை வரச் சொன்னாங்களா? வாயை மூடு. எங்க போனாலும் உன் வாயால எனக்குத்தான் கேடு."

"இன்னிக்கு வாயே திறக்கலை சார்."

"அதிசயந்தான்."

ஒப்பந்தக்காரர் பேராசிரியையின் அறைக்குள் போனார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பேனா கொடுங்க மேடம் என்று ஒப்பந்தக்காரர் சொல்வது கேட்டது. ரேடியோ வாசலிலேயே நின்றான். உள்ளே கூப்பிடவில்லை.

அவள் எழுந்தாள். மூடி வைத்த தட்டை இரண்டு கையாலும் எடுத்தாள். தண்ணீர் ஆடாமல் நடந்தாள். ரேடியோவைத் தாண்டிப் போய் மேசையில் வைத்தாள்.

"மேடம், இதைக் கொஞ்சம் பாருங்க."

பேராசிரியை கைலென்ஸை எடுத்துக் குனிந்தார். குனிந்த முதுகு நிமிர்ந்தது.

"கிடைச்சிடுச்சா? இது நம்மளோடதுதான். ஓடு உடைஞ்சிருக்கு, பரவாயில்லை, மீதி பக்கத்துலதான் இருக்கும். எந்தக் கட்டத்துல? எத்தனாவது தட்டு?"

"தட்டுல இல்லை மேடம்."

"பின்னே?"

"பல்லுல."

யாருக்கும் புரியவில்லை. அவள் வலது கையைத் தூக்கி, இல்லாத ஒரு தூரிகையை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

பேராசிரியை லென்ஸை மேசையில் வைத்தார். மெதுவாக வைத்தார்.

"வாயைத் திறங்க," என்றார்.

ஜன்னல் பக்கம் உட்காரவைத்தார்கள். படக்காரரைக் கூப்பிட்டு டார்ச் பிடிக்கச் சொன்னார்கள். பேராசிரியை மிக நுண்ணிய இடுக்கியால் ஒவ்வொரு பல்லிடுக்காகத் தேடினார். மூச்சு அவள் முகத்தில் பட்டது. ஒரு துண்டு கிடைத்தது. இன்னொன்று. நாக்கைத் தூக்குங்க என்றார். அந்தப் பக்கம் திரும்புங்க என்றார். வாயைக் கொப்பளித்து ஒரு கிண்ணத்தில் துப்பச் சொல்லி, துப்பியதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். மொத்தம் நான்கு துண்டு. நான்கும் பக்கவாட்டு ஓடு.

"மூடி இல்லை," என்றார் பேராசிரியை.

"உள்ள போயிருக்கும்," என்றார் படக்காரர். "கரிதானே மேடம். வயித்து அமிலம் ஒண்ணும் பண்ணாது. நாம ஊத்தாத அமிலமா? நாளைக்கு எப்படியும்... நம்மகிட்ட சல்லடையும் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதற்காகவும் சொல்லவில்லை.

"ரெண்டு கடிதம் கொடுத்தேன்," என்றார் பேராசிரியை. "சுவத்துல எழுதி ஒட்டினேன்."

"ஆமா மேடம்."

"பல்லுல பட்டது எப்ப தெரிஞ்சது?"

"ரெண்டு மணிக்கு."

பேராசிரியை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

ஒப்பந்தக்காரர் தொண்டையைச் செருமினார். "அப்ப என் ஆள் மேல தப்பில்லை."

"இல்லை. அந்தப் புகாரைக் கொடுங்க, கிழிச்சிடறேன்."

"கிழிக்கலாம் மேடம். ஆனா காலையில நீங்க போன்ல சொன்னப்பவே பதிவாகி நம்பர் விழுந்துடுச்சு. நம்பர் விழுந்தா மேல பதில் சொல்லணும்." கோப்பை மூடிக்கொண்டு எழுந்தார். ரேடியோவின் தோளில் கைவைத்து வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

ரேடியோ போகும்போது திரும்பிப் பார்த்தான்.

"ரெண்டு மணிக்கா அக்கா?" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

வீட்டில் புருஷன் காலை ஒரு தலையணைமேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவள் எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னாள். அவன் கேட்டு முடித்தான்.

"ஒன்றரைக் கோடி வருஷம் மண்ணுக்குள்ள பத்திரமா கிடந்துட்டு, உன் வாயில விழவா வெளியே வந்துச்சு?"

"சிரிக்காதீங்க."

"நான் எங்கடி சிரிச்சேன்?" உண்மையில் அவன் சிரிக்கவில்லை. "கடிதம் கொடுத்துட்டாங்களா?"

"நாளைக்குக் கொடுப்பாங்க."

"ரெண்டு மணிக்கே சொல்லியிருந்தா?"

"அப்பவும் கொடுத்திருப்பாங்க."

"சொல்லாமலே இருந்திருந்தா?"

அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் மாவு சலிக்கும் சல்லடையை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனாள். அரைமணி நேரம் கழித்து வந்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. சல்லடையைப் பழைய பேப்பரில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். எட்டு மணிக்கு ஆய்வகத்துக்குப் போனாள். கடிதம் மேசையில் இருந்தது. வருடக் கடைசியோடு வேலை முடிகிறது, அதுவரை சல்லடைத் தொட்டியில் களிமண் அலச வேண்டும், நுண்ணோக்கியைத் தொடக் கூடாது என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டாள். பேராசிரியை பத்திரிகைக்கு மூன்று வரியில் மின்னஞ்சல் எழுதிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நடைவழியை ஒரு பெண் பெருக்கிக்கொண்டிருந்தாள். ரேடியோவை ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னாள். இரவு ஷிப்ட். குழியிலிருந்து கொண்டுவந்த களிமண்ணில் பதினோரு மூட்டைகள் பாக்கி இருந்தன. அவள் ஒரு மூட்டையைப் பிரித்து ஊறவைத்து அலசினாள். மிஞ்சிய குருணையைத் தட்டுகளில் பரப்பிக் கொடுத்தாள். பேராசிரியை அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து பொறுக்கினார். ஐந்து மணிவரை நான்கு விதைகள் கிடைத்தன. நான்கிலும் மூடி இல்லை. அவள் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஐந்து இருபது பேருந்தில் வீட்டுக்குப் போனாள்.